நாலு குறைக்கும் ஒரே #சார் போதுமா?

குடியாத்தத்தில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி, இசட்-இசட்-டி என்ற பழைய எழுத்துத்திரை ஆட்டத்தில் வேலூரை வைத்து ஓர் ஆட்டம் செய்துகொண்டிருக்கிறார். நம் ஊரைக் கிண்டலாகச் சொல்வார்களே, மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று, அதுதான் கதை. ஆடுபவர் ஊர் சுற்றி இந்த நாலு குறையையும் தீர்க்க வேண்டும். அவர் கேட்டது இது:

"அண்ணா, #சார் போட்டால் பொருளின் தோற்றம் மாறும் என்று படித்தேன். கோட்டைக் காவலாளிக்கு வரிசையாக நாலு #சார் போட்டேன், கடைசி உருவம் மட்டும்தான் தெரிகிறது. 'பாலாறு' என்று ஓர் ஆப்ஜெக்ட் வைத்து #சார் 176 போட்டால் ஆற்றில் ஒரே ஒரு கட்டம்தான் மாறுகிறது. ராஜாவின் நிறத்தை மாற்ற வழி தெரியவில்லை. தமிழ் எழுத்தைப் பொருளாக வைக்க முடியுமா என்றும் சொல்லுங்கள்."

தம்பி, முதலில் ஒரு வார்த்தை. கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். ஆட்டம் உருவாக்கும் எடிட்டரில் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். 'கேரக்டர்' என்பதன் முதல் நாலு எழுத்துதான் இந்த 'சார்'. நான் படித்த காலத்தில் லேபில் யாராவது "சார் வேலை செய்யவில்லை" என்றால் வாத்தியார் திரும்பிப் பார்ப்பார்.

உங்கள் கதையைப் படித்ததும் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. இந்த நாலு குறையும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது: ஏதோ ஒன்று இல்லை, அதை வரவழைக்க வேண்டும். ஆனால் இசட்-இசட்-டிக்குள் நாலுக்கும் ஒரே வழி ஒத்துவராது. #சார் மட்டும் போட்டு முடிகிற வேலை அதில் ஒன்றே ஒன்றுதான். எது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் #சார் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பது தெளிவாக வேண்டும்.

இந்த ஆட்டத்தை 1991இல் வெளியிட்டவர் டிம் ஸ்வீனி. அப்போது அவர் கல்லூரி மாணவர். பாஸ்கல் மொழியில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுத ஆரம்பித்து, அதன் கர்சரைச் சிரித்த முகமாக்கி, சில எழுத்துகளைச் சுவராக்கி, அப்படியே ஆட்டமாக வளர்த்துவிட்டார். அன்று பொட்டோமாக் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்று தொடங்கிய அவருடைய கம்பெனிதான் இன்றைய எபிக் கேம்ஸ். எடிட்டரில் பிறந்தது என்பதை மறக்காதீர்கள். இந்த ஆட்டத்தில் படம் என்று எதுவுமே கிடையாது. திரை 80 நெடுவரிசை, 25 வரி. அதில் இடதுபக்கம் 60 நெடுவரிசை ஆட்டத்துக்கு, மீதி 20 பக்கப்பட்டிக்கு. ஆக ஒரு போர்டுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு களத்துக்கு, 1500 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து, ஒரு நிறம். அவ்வளவுதான்.

அந்த எழுத்து, 256 வடிவங்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து வருகிறது. ஐபிஎம் பிசியோடு 1981இல் வந்த பட்டியல், 'கோட் பேஜ் 437' என்பார்கள். 65 போட்டால் ஆங்கில 'ஏ'. 1 வெள்ளைச் சிரிப்பு முகம், 2 நிரப்பிய சிரிப்பு முகம், 3 ஆட்டின் (இதய வடிவம்), 4 டைமண்ட், 24 மேல் அம்பு, 25 கீழ் அம்பு, 219 முழுக் கட்டி, 176இலிருந்து 178 வரை புள்ளி போட்ட மூன்று அடர்த்தி. இந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், அதுதான் பாதி வேலை.

இப்போது கட்டளை. ஆப்ஜெக்ட் என்பது நாமே நிரல் எழுதிப் போர்டில் வைக்கும் பொருள். ஓர் ஆப்ஜெக்ட்டின் நிரலுக்குள் "#சார் 2" என்றால், அந்த ஆப்ஜெக்ட் தன் முகத்தை இரண்டாம் எண் வடிவமாக மாற்றிக்கொள்ளும். 'தன்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து ஆப்ஜெக்ட்டின் முகத்தை இது தொடாது. சுவர், தண்ணீர், காடு எதையும் தொடாது. ஆடுபவரின் முகத்தையும் தொடாது. எண் 1 முதல் 255 வரை இருக்கலாம். 0 போட்டாலோ 256 போட்டாலோ சத்தம் போடாமல் விட்டுவிடும்.

இந்தச் சத்தம் போடாத குணம்தான் தொல்லை. "#சார் ஏ" என்று எழுத்தையே போட்டாலும் பிழை என்று சொல்லாது, எண் எதுவும் கிடைக்காததால் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால் கட்டளையின் பெயரையே தப்பாக, ஓர் எழுத்தை விழுங்கி அடித்தால், அது கட்டளை இல்லை போலிருக்கிறது, லேபிள் (நிரல் தாவிப் போக வேண்டிய இடத்துக்கு ':' போட்டு வைக்கும் பெயர்) ஆக இருக்கலாம் என்று நினைத்து அந்தப் பெயரில் லேபிள் தேடும். கிடைக்காவிட்டால்தான் கீழே 'பேட் கமாண்ட்' என்று காட்டி அந்த ஆப்ஜெக்ட்டின் நிரலை நிறுத்திவிடும். ஆக, பிழைச் செய்தி வந்தால் பெயரைப் பாருங்கள். செய்தியே வராமல் முகமும் மாறாவிட்டால் எண்ணைப் பாருங்கள்.

சரி, காவலாளிக்கு வருவோம். நீங்கள் நாலு #சார் வரிசையாகப் போட்டது தப்பே இல்லை, நாலும் ஓடத்தான் செய்தது. நம் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. இசட்-இசட்-டியில் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்கும் முறை வரும், ரேஷன் கடை வரிசை மாதிரி. தன் முறை வந்ததும் அது நிரலை ஓட்ட ஆரம்பிக்கும். #சார், #செட், #கிவ் மாதிரியான கட்டளைகள் முறையை முடிக்காது, அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே முறையில் சுமார் 32 கட்டளை வரை ஓடும், அதற்கு மேல் போனால் ஆட்டமே நிறுத்தி அடுத்த முறைக்கு ஒதுக்கும். உங்கள் நாலு முகமும் ஒரே முறைக்குள் வந்து போய்விட்டன. கடைசி முகம் மட்டும் தங்கிவிட்டது.

முறையை விட்டுக்கொடுப்பது நகர்வு. "/என்" என்றால் வடக்கே ஓர் அடி, அதோடு முறை முடிந்தது. நகராமல் முறையை மட்டும் விட்டுக்கொடுக்க "/ஐ". 'ஐடில்' என்பதன் சுருக்கம், சும்மா இரு என்று அர்த்தம். ஒரே வரியில் "/ஐ/ஐ" என்று இரண்டாகவும் போடலாம். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் இதைப் போட்டால்தான் அந்த முகத்தைப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கும்.

உங்கள் காவலாளியை இப்படிச் செய்து பாருங்கள்:

@காவலர்
:தூக்கம்
#சார் 122
/ஐ/ஐ
#சார் 90
/ஐ/ஐ
#தூக்கம்
:டச்
#லாக்
#சார் 33
/ஐ/ஐ/ஐ
#சார் 2
இன்னாபா, இந்நேரத்துல எங்க போற?
#அன்லாக்
#எண்ட்

'@' வரி ஆப்ஜெக்ட்டின் பெயர். '#தூக்கம்' என்றால் ':தூக்கம்' லேபிளுக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம். 122 என்பது சின்ன 'இசட்', 90 பெரிய 'இசட்'. இரண்டும் மாறி மாறி வந்தால் குறட்டை. ஆடுபவர் போய் இடித்ததும் 'டச்' செய்தி வரும், நிரல் அந்த லேபிளுக்குத் தாவும். 33 என்பது ஆச்சரியக்குறி, திடுக்கிட்டு எழுகிறார். அப்புறம் 2, மனித முகம். நடுவில் #லாக் எதற்கு என்றால், ஆடுபவர்கள் அம்புக்குறியை அழுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். ஒவ்வோர் இடிக்கும் 'டச்' வந்து நிரல் அந்த லேபிளிலிருந்து மறுபடி தொடங்கும், காவலாளி ஆச்சரியக்குறியிலேயே நின்றுவிடுவார். #லாக் போட்டால் வேலை முடியும்வரை வெளிச் செய்தி எதையும் காதில் வாங்க மாட்டார். வசனத்தை எடிட்டரில் வாட்ஸாப்பில் அடிப்பது போல ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துவிடுங்கள். வேலூர்ப் பேச்சு அப்படி எழுதினாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

வேகம் போதாவிட்டால் நிரலின் தொடக்கத்தில் "#சைக்கிள் 1" சேருங்கள். புதிதாக வைக்கும் ஆப்ஜெக்ட்டுக்குச் சைக்கிள் 3, அதாவது மூன்று துடிப்புக்கு ஒரு முறை. எண் குறையக் குறைய வேகம் கூடும். குறட்டை விடுபவருக்கு 3 போதும். கோட்டைக் கொடிமரத்தில் கொடி பறக்க வேண்டுமானால் 1 நன்றாக இருக்கும்.

கோட்டைக்கு ஒரே காவலாளி போதாது, நாலு பேர் வேண்டும் என்றால் நிரலை நாலு தடவை அடிக்காதீர்கள். மற்ற மூன்றிலும் "#பைண்ட் காவலர்" என்ற ஒரே வரி போதும். நிரல் பொது, முகம் மட்டும் அவரவர்க்குத் தனி. ஒருவர் குறட்டை விடும்போது இன்னொருவர் விழித்திருக்கலாம். ஒருவரை இடித்ததும் மற்றவர்களும் எழ வேண்டுமானால், முகத்தை நேரடியாக மாற்ற வழியில்லை, செய்தி அனுப்பி அவர்களையே மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். "#செண்ட் காவலர்:எழு" என்று போட்டு, நிரலில் "எழு" என்ற லேபிளின் கீழ் #சார் 2 வையுங்கள்.

இன்னொன்று. #ரீஸ்டார்ட் போட்டால் நிரல் முதல் வரிக்குப் போகும், ஆனால் முகம் பழையதற்குத் திரும்பாது. கடைசியாக எந்த முகமோ அதுவே நிற்கும், போர்டை விட்டுப் போய்த் திரும்பி வந்தாலும் அப்படியே. அதனால் தொடக்க முகத்தையும் நிரலின் தலையிலேயே ஒரு #சார் வரியாக எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. முதன்முதலில் நான் இதில் செய்தது காட்பாடி போகிற வழியில் வரும் மாதிரி ஒரு ரயில்வே கேட். மூடிய கேட்டுக்கு 196, படுக்கைக் கோடு. தூக்கும்போது 47, சாய்கோடு. முழுக்கத் தூக்கியதும் 179, நெட்டுக்கோடு. இடையில் /ஐ எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன், பார்க்க அவ்வளவு அழகு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கேட் திறந்தது. தங்கை விசைப்பலகையைப் பிடித்து நடந்தாள், முட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி முட்டினாள். "அண்ணா, திறந்திருக்கு, ஆனா போகமாட்டேங்குது." அரைமணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கேட் திறந்தது போல வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆப்ஜெக்ட் என்பது கட்டி. எந்த முகம் போட்டாலும் வழியை மறிக்கும். 32 போட்டால் வெற்றிடம், ஆள் கண்ணுக்கே தெரியாது, அப்போதும் மறிக்கும். வழிவிட வேண்டுமானால் கடைசியில் "#டை" போட்டு அந்த ஆப்ஜெக்ட்டை அங்கிருந்து இல்லாமல் ஆக்க வேண்டும். #சார் முகத்தை மட்டும்தான் மாற்றும், குணத்தை மாற்றாது என்று அன்றைக்கு உறைத்தது.

பாலாற்றில் உங்களுக்கு நடந்ததும் அதே குழப்பத்தின் இன்னொரு பக்கம். ஆப்ஜெக்ட் ஒரு கட்டம்தான், அதன் முகம் மாறினால் ஒரு கட்டம்தான் மாறும். கட்டத்துக்கு ஓர் ஆப்ஜெக்ட் வைத்தால் என்ன என்று தோன்றும். போர்டின் அகலம் 60, ஆறு மூன்று வரி என்றால் 180 ஆப்ஜெக்ட். ஒரு போர்டில் ஆடுபவரைத் தவிர 150க்கு மேல் ஆப்ஜெக்ட் போல இயங்குபவற்றை வைக்க முடியாது. வைத்தாலும், தண்ணீர் போலத் தெரியும் 150 காவலாளிகள்தான் அவை.

ஆறு என்பது நிலம். நிலத்தை மாற்றுவது "#சேஞ்ச்". ஆற்றுப் படுகையை எடிட்டரில் மஞ்சள் 'ஃபேக்' சுவரால் வரைந்துகொள்ளுங்கள். பார்க்கச் சுவர் மாதிரி இருக்கும், ஆனால் நடந்து போகலாம். பாலாற்று மணலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் ஏதாவது ஓர் ஆப்ஜெக்ட் இதைச் சொன்னால் போதும்:

#சேஞ்ச் யெல்லோ ஃபேக் ப்ளூ வாட்டர்

போர்டில் உள்ள மஞ்சள் ஃபேக் அத்தனையும் ஒரே மூச்சில் தண்ணீராகிவிடும். முகம் மட்டுமில்லை, குணமும் மாறும், இனி நடக்க முடியாது. 'ப்ளூ' என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பழைய மஞ்சள் நிறம் ஒட்டிக்கொண்டு தண்ணீர் மஞ்சளாக வந்து நிற்கும். தோல் தொழிற்சாலைக் கழிவைக் காட்டுகிற எண்ணம் இருந்தால் அது வேறு விஷயம்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. #சேஞ்ச் போர்டு முழுக்கப் பாயும். அதே போர்டில் வேறு எங்காவது மஞ்சள் ஃபேக் தரை போட்டிருந்தால் அதுவும் ஆறாகிவிடும். பின்னால் வறட்சி காட்டத் தண்ணீரை மணலாக மாற்றினீர்கள் என்றால் கோட்டை அகழியும் சேர்ந்து வற்றும். அதனால் கோட்டையை ஒரு போர்டிலும் பாலாற்றை இன்னொரு போர்டிலும் வையுங்கள், #சேஞ்ச் பக்கத்துப் போர்டுக்குத் தாண்டாது. அடுத்தது, இந்தக் கட்டளை ஓடும்போது ஆடுபவர் மணல் நடுவே நிற்கக்கூடாது. ஆடுபவர் இருக்கும் கட்டத்தை அது தொடாது, ஆனால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து ஆள் மாட்டிக்கொள்வார். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியாது. கட்டளையைச் சொல்லும் ஆப்ஜெக்ட்டைக் கரையில் வையுங்கள், அதை இடிக்க ஆடுபவர் கரைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ராஜாவுக்கு வருகிறேன். ஊர்ப்பேச்சில் ராஜா இல்லாத கோட்டை என்றாலும், இந்தக் கோட்டையில் ஒரு ராஜா இருந்திருக்கிறார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து சிறைவைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி முத்து மண்டபம் என்று இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் புது ராஜாவை எங்கிருந்தோ கூட்டிவருவதைவிட, வெளிறிய நிறத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் கைதி ஒருவரைக் கண்டுபிடிப்பது நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். இஷ்டம் உங்களுடையது.

அப்படிச் செய்தால் நிறம் மாற வேண்டும். #சார் நிறத்தைத் தொடாது. எல்லோரும் முதலில் எட்டிப் பிடிப்பது "#பிகம் யெல்லோ ஆப்ஜெக்ட்". நிறம் மாறும், ஆனால் #பிகம் பழைய ஆளை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கும். நிரல் போய்விடும். பேசாத, அசையாத பொம்மை ராஜா. இதற்கும் #சேஞ்ச்தான் மருந்து:

#சேஞ்ச் ஒயிட் ஆப்ஜெக்ட் யெல்லோ ஆப்ஜெக்ட்

இருப்பதும் ஆப்ஜெக்ட், ஆக வேண்டியதும் ஆப்ஜெக்ட் என்றால் இசட்-இசட்-டி எதையும் அழிக்காமல் நிறத்தை மட்டும் மாற்றும். நிரல் பத்திரம். ஒரே நிபந்தனை, போர்டில் உள்ள எல்லா வெள்ளை ஆப்ஜெக்ட்டும் மஞ்சளாகும். ராஜாவைத் தவிர வேறு யாரையும் அந்தப் போர்டில் வெள்ளையாக வைக்காதீர்கள். காவலர்களுக்குச் சிவப்போ பச்சையோ கொடுங்கள். பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய நிறங்கள் ஏழுதான்: நீலம், பச்சை, சயான், சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை. ஏழும் பளிச்சென்ற வகை. மங்கல் நிறத்துக்குக் கட்டளையில் பெயர் கிடையாது.

கோயில்தான் #சார் மட்டும் போட்டு முடிகிற அந்த ஒரு வேலை. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981இல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள். உங்கள் கதைக்கு இதுவே போதும். சத்துவாச்சாரி போர்டில் லிங்கத்தை ஓர் ஆப்ஜெக்ட்டாக வையுங்கள். ஆடுபவர் தொட்டதும் அது "#செட் லிங்கம்" என்று ஒரு கொடியை (இது நடந்துவிட்டது என்று ஆட்டம் நினைவில் வைக்கும் குறிப்பை) போட்டுவிட்டு #டை ஆகட்டும். செய்தி ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது, ஆனால் கொடி எல்லாப் போர்டுக்கும் பொது. மொத்தம் பத்துக் கொடிதான் கிடைக்கும், சிக்கனமாகச் செலவு செய்யுங்கள். கோயில் போர்டில் கருவறைக்குள்:

@சந்நிதி
#சார் 32
#எண்ட்
:டச்
#இஃப் லிங்கம் வை
சந்நிதி காலியாக இருக்கிறது.
#எண்ட்
:வை
#லாக்
#சார் 250
/ஐ/ஐ
#சார் 15
/ஐ/ஐ
#சார் 239
சாமி வந்தாச்சு!
#எண்ட்

தொடக்கத்தில் 32, வெற்றிடம். ஆடுபவர் உள்ளே போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் முட்டும். முட்டினால் "காலியாக இருக்கிறது" என்று வரும். மறைந்திருக்கும் ஆப்ஜெக்ட் வழியை மறிப்பது ரயில்வே கேட்டில் எனக்குத் தொல்லையாக இருந்தது, இங்கே அதுவே வசதி. லிங்கம் கொண்டுவந்த பின் முட்டினால் 250, ஒரு சின்னப் புள்ளி. அப்புறம் 15, கதிர் வீசும் சூரியன் மாதிரி. கடைசியில் 239, கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு, பட்டியலில் லிங்கத்துக்குக் கிட்டத்தில் இருப்பது அதுதான். இங்கே #லாக்கை அவிழ்க்கவே வேண்டாம், ஒரு முறை வந்த சாமி வந்ததுதான்.

தமிழ் எழுத்து கேட்டீர்கள். அந்த 256இல் தமிழ் கிடையாது. ஆனால் வழி இருக்கிறது. டிடிபி வேலை பார்த்ததால் எனக்கு இது சீக்கிரம் புரிந்தது. பழைய பாமினி எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லைக் காட்டும். கோப்பில் இருப்பது வெறும் எண்கள், அந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை எழுத்துரு சொல்கிறது. #சார் 200 என்பதும் அப்படித்தான், "200ஆம் அச்சை எடுத்து வை" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அச்சை மாற்றிவிட்டால் அதே கட்டளை 'அ' போடும்.

இசட்-இசட்-டியைத் தன்னந்தனியாக ஓட்டினால் இந்த வசதி இல்லை. ஸீட்டா என்ற எமுலேட்டரில் (பழைய ஆட்டத்தை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளில்) ஓட்டினால் எழுத்துருவை மாற்றி ஏற்றலாம். பயன்படாத ஐரோப்பிய எழுத்து எண்களைப் பிடித்து அந்த இடத்தில் தமிழை வரைந்துகொள்ளுங்கள், கோடு, கட்டி, சிரிப்பு முகங்களைத் தொடாதீர்கள். ஒரு கட்டத்தின் அகலம் எட்டுப் புள்ளிதான். ப, ட, ம எல்லாம் சுலபமாக அடங்கும். ண, ஐ மாதிரி அகலமானவற்றுக்கு இரண்டு கட்டம், அதாவது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆப்ஜெக்ட், ஆளுக்குப் பாதி எழுத்து. எழுத்து வரைவதில்தான் உங்களுக்கு ஆசை என்றால், 1994இல் வந்த மெகாஸூக்ஸைப் பாருங்கள். இசட்-இசட்-டியின் வழியில் வந்ததுதான். அதில் வடிவம் வரைய உள்ளேயே எடிட்டர் இருக்கிறது, நிறம் மாற்றத் தனிக் கட்டளையும் உண்டு, நான் மேலே சொன்ன #சேஞ்ச் சுற்றுவழி தேவையில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை இசட்-இசட்-டியிலேயே முடித்துவிடுங்கள் என்பேன். பாதி செய்தாயிற்று, இப்போது வண்டி மாற்றினால் இரண்டும் நிற்கும்.

உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை வந்தால் அதற்கும் வழி உண்டு. அசல் மூலநிரல் தொலைந்துபோய்விட்டது. 2020இல் ஆர்வலர் ஒருவர் ஓடும் கோப்பிலிருந்து அதை டர்போ பாஸ்கலில் திரும்பக் கட்டியெழுப்பி, ஸ்வீனியின் சம்மதத்தோடு எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதில் #சாருக்கு உரிய பகுதி நாலைந்து வரிதான் இருக்கும். எண்ணைப் படி, 1 முதல் 255க்குள்ளா என்று பார், வைத்துக்கொள், கட்டத்தைத் திரும்ப வரை. அவ்வளவே.

மலையை விட்டுவிட்டேன் பாருங்கள். மலைச்சரிவைப் பச்சை ஃபேக்கால் வரைந்து, மரம் நடும் நேரத்தில் "#சேஞ்ச் க்ரீன் ஃபேக் ஃபாரஸ்ட்" போட்டால் மலை முழுக்கக் காடு. அந்தப் பணியை மட்டும் ஆட்டத்தில் கடைசியாக வையுங்கள், முடிந்ததும் ஆடுபவரை மலையிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். இசட்-இசட்-டியில் காட்டுக்குள் கால் வைத்தால் அந்தக் கட்டத்து மரம் போய்விடும். ஆடுபவர் சும்மா மேலும் கீழும் நடந்தாலே போதும், திரும்பவும் மொட்டை மலைதான்.